ஊர் சுற்றிக் காட்டிய பதினொரு நாள்

ஜூன் 4, திங்கள்

மாடியறைக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினேன். ஜன்னல் துடைத்தேன். நாளை தம்பி நைஜல் வருகிறான், ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு, மனைவி ரெய்லீனையும் கூட்டிக்கொண்டு. பதினொரு நாள் இருப்பார்களாம். எனக்கு வருடத்துக்குக் கிடைக்கிற விடுப்பில் பாதி இவர்களுக்கே போகிறது. நான் திரும்பிப் போகும்போது கிளினிக் வரவேற்பு மேசையில் ஒரு காகிதமாவது அதன் இடத்தில் இருக்குமா, பார்க்கலாம்.

இரவுக்கு என்ன சமைக்கட்டும் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"எதுனாலும் சரிம்மா."

"மீனா, கறியா?"

"உனக்கு எது சுலபமோ அது."

மீன் செய்தேன். அவருக்கு மீன் வேண்டியிருந்ததா? யாருக்குத் தெரியும். எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் வேண்டியிருந்ததே இல்லை. அம்மா இருந்தபோதும் இதே கதைதான். தட்டில் கடைசி பிஸ்கட் நமத்துப்போகும் வரை கிடக்கும். நீ எடுத்துக்கோ, இல்ல நீ எடுத்துக்கோ.

ஜூன் 5, செவ்வாய்

வந்துவிட்டார்கள். வாடகைக் கார், தக்காளிச் சிவப்பு, எங்கள் சந்துக்குள் நுழைவதற்குள்ளேயே பக்கக் கண்ணாடியை வேலியில் உரசிக்கொண்டாயிற்று. நைஜலுக்குத் தலை வழுக்கையாகிவிட்டது. இருபத்து மூன்று வயதில் போனவன். அம்மா இறந்தபோது வந்தான், நான்கு நாள் இருந்தான், போனான். அதற்கு ஒன்பது வருடம் கழித்து இப்போது.

ரெய்லீன் என்னைக் கட்டிப்பிடித்து, பிடித்தபடியே ஒரு ஆட்டு ஆட்டினாள். "ஹேஸ், உன்னப் பாக்க எவ்ளோ சந்தோஷம் தெரியுமா."

ஹேஸ். ஐம்பத்தேழு வருடமாக நான் ஹேசல். ஒரு எழுத்தை மிச்சம் பிடித்து இவள் என்ன செய்யப் போகிறாள்?

ஒரு மணி நேரத்துக்குள் அடுக்களையில் கோப்பைகளை எல்லாம் அலமாரியில் வேறு தட்டுக்கு மாற்றிவிட்டாள். அங்கே வைத்தால் கைக்கு எட்டுமாம். யார் கைக்கு?

ஜூன் 6, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

மாலை நான்கு மணி டீ. பழக் கேக் அறுத்து வைத்திருந்தேன். நைஜல் தொண்டையைக் கனைத்தான், கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அப்பா, வீட்டுக்குப் பின்னாடி ஒரு ரூம் கட்டியிருக்கோம். தனி பாத்ரூம். படி ஏற வேண்டாம். நீங்க வந்து எங்ககூட இருக்கலாமேன்னு…"

முதலில் ஒரு வருட விசாவாம், பிறகு நீட்டிப்பதைப் பார்த்துக்கொள்ளலாமாம். அப்பாவுக்கு எண்பத்து நான்கு. ஒரு வருடத்துக்கு என்று போகிறவரா திரும்பி வருவார்? நைஜலுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கேக்கை மென்றுகொண்டிருந்த அப்பாவுக்கும் தெரியும்.

அப்பா என்னைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"உங்க இஷ்டம்ப்பா. என்னை யோசிக்காதீங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? வேறு எப்படிச் சொல்வது? பெரிய மனிதரை, போகாதே என்று சட்டையைப் பிடித்து இழுக்கவா முடியும்? அவர் மேல் பாரத்தை வைக்கக் கூடாது. அவராகவே இருந்துவிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை.

"யோசிக்கிறேன்," என்றார். "நீங்க கிளம்பறதுக்குள்ள சொல்றேன்."

கேக்கில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. ரெய்லீன் யாரையும் கேட்காமல் எடுத்துத் தின்றாள்.

ஜூன் 7, வியாழன்

சரி. ஊர் சுற்றிக் காட்டு என்கிறார்கள், காட்டுகிறேன். இவர்களுக்காக இல்லை. அப்பாவுக்காக.

வரைபடத்தை விரித்து வைத்து யோசித்தேன். அப்பா முப்பத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவர், லட்லோவிலிருந்து ஹெரிஃபோர்டு வரை, நடுவில் இருக்கிற கிராமம் ஒன்றையும் விடாமல். அந்தப் பாதையை அப்படியே ஒரு வாரத்துக்குப் பிரித்துப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு நிறுத்தமும், ஒவ்வொரு பாலமும், அவரைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவரும். நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. ஜூன் மாதம், வேலியெல்லாம் பூ. எதை விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறோம் என்று அவர் கண்ணே அவருக்குச் சொல்லிவிடும்.

நைஜல் கட்டிய அறையைவிட இது பெரிதில்லையா? பார்ப்போம்.

ஜூன் 8, வெள்ளி

முதல் நாள். நைஜல் ஓட்டினான், பக்கத்தில் அப்பா. பின்னால் நானும், முழங்கையால் என்னை இடித்து இடித்து ஆட்டுக்குட்டி காட்டும் ரெய்லீனும்.

நைஜலுக்கு இங்கே ஓட்டவே மறந்துவிட்டது. ஒற்றைச் சாலையில் எதிரே டிராக்டர் வந்தது. நாங்கள் ஒதுங்கும் இடத்தைத் தாண்டிப் பத்து கஜம்தான் வந்திருந்தோம். பின்னால் எடுக்க வேண்டியது நாம். அது இங்கே பிறந்த நாய்க்குக்கூடத் தெரியும். இவன் அப்படியே நின்றான். டிராக்டர்காரரும் நின்றார். எவ்வளவு நேரம்? எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கடைசியில் பாவம் அவர் அந்த மலைபோன்ற வண்டியைப் பின்னால் எடுத்து, வயல் வாசலில் ஒதுங்கி வழிவிட்டார். கடந்து போகும்போது இவன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலாவது தூக்கினானா? இல்லை.

"நன்றி காட்டல நீ," என்றேன்.

"யாருக்கு?"

"ஒதுங்கினாரே, அவருக்கு."

"அட, விடு ஹேசல்."

நான் ஜன்னலைத் திறந்து கையை முழுசாக வெளியே விட்டு ஆட்டினேன். அதற்குள் டிராக்டர் வளைவு தாண்டிவிட்டது.

ஆற்றுக் கல் பாலம் வந்தபோது, "அப்பா, வெள்ளம் வந்தப்ப இங்கதானே பஸ்ஸ நிறுத்தி பதினேழு பேரை கூட்டிட்டு நடந்தீங்க," என்று எடுத்துக் கொடுத்தேன். "ம்," என்றார். நெஞ்சு அடைத்திருக்கும்.

ஜூன் 9, சனி

லட்லோ. சந்தை நாள். ரெய்லீன் கோட்டை மேலே ஏறணும் என்றாள், ஏறினாள். பசிக்குது என்றாள், தின்றாள். கால் வலிக்குது, உட்காரணும் என்றாள், உட்கார்ந்தாள். மனதில் தோன்றுவதும் வாயில் வருவதும் இவளுக்கு ஒன்றுதான். நடுவில் வடிகட்டி கிடையாது. நைஜல் எப்படி இருபது வருடமாக இவளோடு குடித்தனம் நடத்துகிறான்?

காய்கறிக் கடை முன்னால் திருமதி பியூ அப்பாவைப் பிடித்துக்கொண்டார். அவரை அப்பா பள்ளிச் சிறுமியாக பஸ்ஸில் ஏற்றிய காலம் உண்டு, இப்போது அவரே ஊன்றுகோலோடு நிற்கிறார்.

"வில்ஃப், இன்னும் இங்கதான் இருக்கீங்களா?"

"வேற எங்க போவேன்."

கேட்டாயா நைஜல்? வேற எங்க போவேன் என்றார். நான் அவனைப் பார்த்தேன். அவன் சீஸ் வாங்கிக்கொண்டிருந்தான்.

ஜூன் 10, ஞாயிறு

ஞாயிறு சாப்பாட்டுக்குப் பப். முதல் சுற்று பியர் எல்லோருக்கும் நான் வாங்கினேன். இரண்டாவது அப்பா. மூன்றாவது யார் வாங்க வேண்டும்? குழந்தைக்கும் தெரியும். நைஜல் காலிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டு, அவன் ஊர் பெர்த்தில் வெயில் எப்படி இருக்கும் என்று கதை சொன்னான். நான்கு காலிக் கோப்பை மேசை மேல். நான் பொறுத்தேன். அப்பா கோப்பையின் அடியைப் பார்த்தார். கடைசியில் ரெய்லீன் எழுந்தாள். "ஏன் எல்லாரும் காஞ்சுபோய் உக்காந்திருக்கீங்க? யாருக்கு என்ன வேணும்?"

வாங்கினாள். அதில் எனக்கு இன்னும் எரிச்சல். தம்பி பிறந்த ஊரின் மரியாதையை மறந்தது அவன் தப்பு, அதைச் சரிசெய்கிற உரிமை அவளுக்கு யார் கொடுத்தது?

ஆனால் கவனித்தேன், அந்த மூன்றாவது கோப்பையை அப்பா ரசித்துக் குடித்தார்.

ஜூன் 11, திங்கள்

ஹெரிஃபோர்டு. பேராலயத்தில் இருக்கிற அந்தப் பழைய உலகப் படத்தைக் காட்டினேன். எழுநூறு வருடத்துக்கு முன் ஒரு கன்றுத் தோலில் வரைந்தது. நடுவில் ஜெருசலேம், ஓரத்தில் எங்கள் தீவு, சுற்றிலும் பூதங்கள்.

ரெய்லீன் கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தாள். "எங்க ஊர் எங்க?"

"இல்ல," என்றேன். எவ்வளவு திருப்தியாக இருந்தது தெரியுமா?

"எங்க நாடே இல்லையா?"

"தோல் அத்தோட முடிஞ்சுது."

அவள் சிரித்துவிட்டாள். கோபப்படவாவது செய்யலாம் இல்லையா? அப்பா மட்டும் அங்கிருந்து நகரவே இல்லை. அங்கே சங்கிலியில் கட்டி வைத்திருக்கும் பழைய புத்தகங்களை எல்லாம் நாங்கள் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் அதே இடத்தில் நின்றார், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு.

"இவ்வளவுதான் உலகம்னு நெனச்சிருக்காங்க பாரு," என்றார்.

"நம்ம ஹெரிஃபோர்டையும் அதுல போட்டிருக்காங்கப்பா," என்றேன்.

"ம்."

திரும்பும் வழி முழுக்க அந்தப் படத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தார் என்று நினைக்கிறேன். நன்றாகப் போகிறது. என் பாதை வேலை செய்கிறது.

ஜூன் 12, செவ்வாய்

கோப்பைகளை நான் பழைய தட்டுக்கு மாற்றினேன், அவள் மறுபடி மாற்றினாள், நான் மறுபடி மாற்றினேன், இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் 13, புதன்

வூஸ்டர். ஆற்றங்கரையில் அன்னங்களைப் பார்க்க அப்பாவும் நைஜலும் போனார்கள். நானும் ரெய்லீனும் டீக்கடையில் தனியாக மாட்டிக்கொண்டோம். அவள் ஸ்கோன் பன்னை வெட்டாமல் அப்படியே கடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஹேஸ், அப்பா எங்ககூட வர்றது உனக்குப் பிடிச்சிருக்கா?"

"அது அவர் இஷ்டம்."

"அவர் இஷ்டத்த நான் கேக்கல."

நான் டீயைக் கலக்கினேன். சர்க்கரையே போடாத டீ.

"அவர்கிட்ட போகாதீங்கன்னு சொன்னியா?"

"அதையெல்லாம் எப்படிச் சொல்றது?"

"வாயால."

எனக்கு அவளை அறையலாம் போல் இருந்தது. அவள் விடவில்லை. "உன் கிறிஸ்துமஸ் கடிதத்த நைஜல் நாலு தடவை படிச்சான் தெரியுமா? அப்பாவுக்கு கால் கொஞ்சம் தளர்ந்திருக்கு, நான் சமாளிச்சுக்கறேன்னு எழுதியிருந்தியே. அக்காவால முடியல, அதான் இப்படி எழுதறான்னு சொன்னான். அன்னிக்குத்தான் ரூம் கட்ட ஆரம்பிச்சோம்."

"அவருக்கு கால் தளர்ந்திருக்குன்னுதான் எழுதினேன். நான் சமாளிக்கறேன்னுதான் எழுதினேன். அவ்வளவுதான்."

"அப்ப அவனுக்கும் அங்க கொண்டுபோக ஆசையில்ல, உனக்கும் அனுப்ப ஆசையில்ல. உங்க குடும்பத்துக்கு என்னதான் வியாதி?"

பில்லுக்குக் கையைத் தூக்கினேன். வீடு வரும் வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மூக்கு எங்கெல்லாம் போகக் கூடாதோ அங்கெல்லாம் போகிற மூக்கு. ஆனால் அவள் சொன்னது உண்மையென்றால்? நான் சொன்ன 'உங்க இஷ்டம்' அப்பா காதில் எப்படி விழுந்தது? போய்த் தொலையுங்கள் என்றா? ஒன்பது வருடமாக அந்த மனிதரின் சட்டைக்கு இஸ்திரி போடுகிறவள் நான்.

ஜூன் 14, வியாழன்

காலையிலேயே மழை. கிளீ மலைக்குப் போவதாகத் திட்டம், மழை என்று யாராவது திட்டத்தை மாற்றுவார்களா? போனோம். மலை மேல் சாலையோரம் காரை நிறுத்தி, ஜன்னல்களை மூடிக்கொண்டு, மடியில் சாண்ட்விச்சை வைத்துக்கொண்டு நான்கு பேரும் உட்கார்ந்தோம். வெளியே ஐந்து மாவட்டம் தெரிய வேண்டும். மழையும் இரண்டு ஆடும்தான் தெரிந்தன. கண்ணாடியெல்லாம் மூச்சுப் பட்டு மூடிக்கொண்டது. பிளாஸ்கிலிருந்து அப்பாவுக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன்.

"இவ்ளோ தூரம் வந்து காருக்குள்ளயா சாப்பிடறோம்?" என்றாள் ரெய்லீன்.

"காட்சிக்காக," என்றான் நைஜல். எங்கள் சின்ன வயதில் இப்படி மழையில் காருக்குள் சாப்பிடும்போது அம்மா சொல்வது போலவே. மூவரும் சிரித்தோம், ஒரு நொடி. அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. வாய் திறந்துவிட்டது.

"அப்பா, போகாதீங்க."

யாரும் மெல்லவில்லை. நான் முன்சீட்டின் பின்புறத்தைப் பார்த்துச் சொன்னேன், அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்திருக்கும்.

"என் இஷ்டம் என்னன்னு கேட்டீங்களே. இதான் என் இஷ்டம். நீங்க இங்க இருக்கணும். என்கூட."

நைஜல் திரும்பினான். "நீ முடியலன்னு… உனக்கு பாரமா இருக்குன்னு நாங்க நெனச்சோம் ஹேசல். அப்படி இல்லன்னா விட்டுடலாம். அந்த ரூம்ல ரெய்லீன் தையல் மெஷின் வெச்சுக்குவா. ஒண்ணும் இல்ல."

ஜெயித்துவிட்டேன். அரை நிமிடம் இருக்குமா, எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அழுகை கண்ணில் நின்றது.

அப்பா கோப்பையை டாஷ்போர்டு மேல் வைத்தார். சட்டைக் கையால் தன் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்தார். வெளியே ஒன்றும் இல்லை.

"எனக்குப் போகணும்மா," என்றார்.

"எனக்காகச் சொல்லாதீங்கப்பா. நான்தான் சொல்லிட்டேனே, எனக்குப் பாரம் இல்ல."

"உனக்காகச் சொல்லல. நைஜலுக்காகவும் இல்ல. எனக்கே போகணும்."

அப்புறம் அவர் பேசினார். என் ஆயுளில் அவர் அவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

"இந்த ஒரு வாரமா நீ என்னைக் கூட்டிட்டுப் போன ரோடெல்லாம் யாரு ரோடு? முப்பத்தெட்டு வருஷம். ஒரு நாளைக்கு நாலு தடவை. எந்த வளைவுல எந்த குழின்னு இப்பவும் கண்ண மூடிட்டு சொல்வேன். வேலை முடிஞ்ச அன்னிக்கு, அப்பாடா, இனிமே இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாதுன்னு நெனச்சேன். நீ ஒவ்வொண்ணா நிறுத்தி நிறுத்திக் காட்டற. பாலம். பப். அந்த பாழாப்போன பால்காரர் வீட்டுத் திருப்பம். எனக்கு மூச்சு முட்டிப்போச்சும்மா."

"அப்ப ஏன் இங்கயே இருந்தீங்க?" என்றேன்.

"உங்கம்மாவுக்கு இந்த ஊர்னா உயிர். சரின்னு இருந்தேன்."

"அம்மா போய் ஒன்பது வருஷம் ஆச்சு."

"அப்புறம் உனக்காக இருந்தேன்."

கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். மழையில் நடந்தேன். எவ்வளவு தூரம் என்று தெரியாது. எனக்காகவாம். நான் அவருக்காக இருந்தேன், அவர் எனக்காக இருந்தார், இரண்டு பேருக்கும் வேண்டாத மீனை ஒன்பது வருடம் உட்கார்ந்து தின்றோமா? இல்லை, எனக்குப் பிடிக்கும் இந்த ஊர். எனக்குப் பிடிக்கும் இந்த வீடு, இந்தச் சாப்பாடு, எல்லாம் பிடிக்கும்— எனக்கு வேற ஆளு யாரு இருக்கா? நல்லா இருக்காருன்னு நெனச்சேனே. நல்லா இருக்கோம்னு நெனச்சேனே.

ரெய்லீன்தான் குடை இல்லாமல் பின்னால் வந்தாள். ஒன்றும் பேசவில்லை. முதல் தடவையாக ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் திட்டியிருக்கலாம்.

ஜூன் 15, வெள்ளி

காலை உணவு செய்யவில்லை. யாருக்கு வேண்டுமோ அவர்கள் செய்துகொள்ளட்டும். அப்பா தனக்கு முட்டை அவித்துக்கொண்டார். நான்கு நிமிடம், கடிகாரம் பார்த்து. அவருக்கு முட்டை அவிக்கத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரிகிறது.

வாசலில் மறித்து, "ஹேசல்," என்றார்.

"போங்க. எப்ப வேணாலும் போங்க. நான் தடுக்கல."

"கோபமா?"

"இல்ல."

பொய். உடனே தெரிந்துவிட்டது அவருக்கும். இருந்தாலும் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். பழக்கம்.

என் பாதை போட்ட காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். நானே அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விமானத்தில் ஏற்றியது போல ஆகிவிட்டது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நிறுத்தமாக. எவ்வளவு கெட்டிக்காரி நான்.

ஜூன் 16, சனி

கிளம்பிவிட்டார்கள். நைஜல் ஏதோ சொல்ல வந்தான், "சூட்கேஸ் பாத்து," என்று முடித்தான். ரெய்லீன் கட்டிப்பிடித்தாள். நான் கம்பம் மாதிரி நின்றேன்.

ஜூன் 17, ஞாயிறு

கோப்பைகள் அவள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. மாற்ற மனமில்லை. அங்கே கைக்கு எட்டுகிறது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆகஸ்ட் 21, செவ்வாய்

அப்பாவுக்கு விசா வந்துவிட்டது. கிளினிக்கில் எல்லோரும், "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். "நல்லதுதானே அவருக்கு," என்றேன், பதினான்கு தடவை.

செப்டம்பர் 9, ஞாயிறு

பர்மிங்ஹாம் விமான நிலையம். கூட்டிப்போக ரெய்லீனே வந்திருந்தாள், இரண்டு நாள் முன்னால். அவ்வளவு தூரம், தனியாக. வந்த அன்றே அப்பாவின் மாத்திரைகளை எல்லாம் கிழமை போட்ட டப்பாவில் பிரித்து அடுக்கினாள். நான் எழுதிக் கொடுத்த பட்டியலை மூன்று தடவை படித்துக் கேள்வி கேட்டாள். அவளை வெறுப்பதற்கு எனக்கு இப்போதெல்லாம் நிறைய முயற்சி தேவைப்படுகிறது. முயற்சி செய்கிறேன்.

வரிசையில் அப்பா எங்கள் இருவருக்கும் முன்னால் நின்றார். நல்ல கோட்டு, ஷூவுக்குப் பாலிஷ். கவுன்டர் பெண் ஏதும் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"ஜன்னல் சீட் வேணும்."

வேணும் என்றார். எவளோ ஒரு முகம் தெரியாத பெண்ணிடம். எனக்கு வயிறு எரிந்தது. என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு தடவை, மீன் வேண்டாம் என்றாவது?

பாதுகாப்புச் சோதனை வாசலில் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். "உடம்பப் பாத்துக்கோ." "நீங்களும்." உள்ளே போனவர் திரும்பிப் பார்த்தாரா என்று தெரியாது, அதற்கு முன்பே நான் திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 23, ஞாயிறு

காலை எட்டு மணிக்குப் போன். "எப்படி இருக்க?" "நல்லா இருக்கேன். நீங்க?" "நல்லா இருக்கேன்." "வெயிலா?" "வெயில்தான்." மூன்று நிமிடம்.

செப்டம்பர் 30, ஞாயிறு

நான்கு நிமிடம். கடல் பார்த்தாராம்.

அக்டோபர் 7, ஞாயிறு

போன் அடித்தது. எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். குளிக்கவில்லை. போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 14, ஞாயிறு

எட்டு மணிக்குச் சரியாக அடித்தது. எடுத்தேன்.

"எப்படி இருக்க ஹேசல்?"

நல்லா இருக்கேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"நல்லா இல்லப்பா."

அவர் பதில் சொல்வதற்குள் மீதியையும் சொன்னேன்.

"உங்க மேல கோபம். போன வாரம் நான் இங்கதான் உக்காந்திருந்தேன், வேணும்னே எடுக்கல. உங்க ரூமைத் திறந்து பாக்கப் பிடிக்கல. சாயங்காலம் ஆனா யாரோட பேசறதுன்னு தெரியல. டிவிகிட்ட பேசறேன். நீங்க அங்க கடலைப் பாத்துட்டு சந்தோஷமா இருக்கீங்க, அதுவும் கோபமா இருக்கு. நீங்க சந்தோஷமா இருக்கறது எனக்குக் கோபமா இருக்குப்பா. இப்படி ஒரு பொண்ணு உங்களுக்கு."

"ம்," என்றார். பிறகு, "இன்னும் சொல்லு."

சொன்னேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. அம்மா கதையெல்லாம் வந்தது. அவர் நடுவில் ஒரு தடவையும் சரிம்மா என்று மூடி வைக்கவில்லை. எனக்குத் தீர்ந்தபோது அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"என் மேலயும் எனக்குக் கோபம்தான்," என்றார். "உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். உனக்கு நாப்பத்தெட்டு வயசு இருக்கும்போதே சொல்லியிருந்தா, நீயும் உனக்குன்னு எதாவது பாத்திருப்ப. பயந்துட்டேன்."

"எதுக்கு?"

"வலிச்சாலும் நீ சரின்னு சொல்லிடுவியோன்னு."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரு விஷயம் சொல்லட்டுமா?" என்றார். "ரெய்லீன் போடற டீய வாயில வைக்க முடியல."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அய்யோ, என்ன பண்றீங்க? பேசாம குடிக்கறீங்களா?"

"இல்லையே. அவகிட்ட சொல்லிட்டேன், நல்லா இல்லன்னு. இப்ப நானே போட்டுக்கறேன்."

சிரித்துக்கொண்டே அழுதேன். கோபம் போகவில்லை, அது இருக்கிறது. பக்கத்திலேயே இதுவும் இருக்கிறது. போனை வைத்துவிட்டுக் கடிகாரம் பார்த்தால் ஒன்பதரை. காலை உணவு சாப்பிடவில்லை. பசித்தது. இரண்டு முட்டை எடுத்தேன், எனக்கு எப்படி வேண்டும் என்று அடுப்பின் முன் நின்று யோசித்தேன். ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருந்தது.